ஆடி முடிவதற்குள் ஆற வேண்டிய வண்டி

27 ஜூலை 2025, ஞாயிறு

தளவானூரில் என் மனைவி கலைவாணியின் அக்கா காத்தாயி வீட்டில் ஆடிக் கூழ் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் அம்பாசிடர் மீண்டும் கொதித்தது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கலாகாது என்பது விதி. ஆகவே ஆறும்வரை புளியமரத்தடியில் நின்றோம். பட்டுப்புடவையும், அக்கா கொடுத்தனுப்பிய கூழ்த் தூக்குமாக அவள் நின்ற நிலையை விவரிக்கப்போவதில்லை. ஊற்றுவதற்குத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். தூக்கை நீட்டினாள்.

"இந்தாங்க, இத்த ஊத்துங்க. அதுக்கும் ஆடி மாசந்தானே?"

வீடு வந்ததும் அவளிடமிருந்து தீர்ப்பு வந்தது. ஆடி முடிவதற்குள் வண்டி கொதிக்காமல் பனமலை போய்த் திரும்ப வேண்டும். இல்லையேல் விற்றுவிட வேண்டும். புதுச்சேரியில் உணவகம் வைத்திருக்கும் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். வண்டியைக் கூடத்தின் நடுவே நிறுத்தி, உள்ளே மேசை போடுவாராம். குடும்பங்கள் பின்னிருக்கையில் அமர்ந்து பிரியாணி உண்ணுமாம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் வண்டி. அதில் எலும்பு துப்புவார்கள்.

30 ஜூலை, புதன்

பழுதைக் கண்டறிய ஒரே முறைதான் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. வேதியியல் ஆய்வகத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நான் சொல்வது இதுவே. இன்று விசிறிப் பட்டை மட்டும் புதிது. செஞ்சிக் கோட்டை அடிவாரம் வரை ஓட்டினேன். கொதித்தது. வழிந்த நீர் மஞ்சளாக இருந்தது. துரு.

எதிர்வீட்டு ஆனந்தராஜ் லாரி ஓட்டுபவர். தெருவைக் கடந்து வந்து, "சார், ஒரு நாளு சாவிய எங்கிட்ட குடுத்துப் பாருங்க" என்றார். மறுத்துவிட்டேன். சோதனை நடக்கும்போது வேறு கை படக் கூடாது.

2 ஆகஸ்ட், சனி

எஞ்சின் சூடேறியதும் நீருக்கு வழிவிடும் வெப்ப வால்வைக் கழற்றி, அடுப்பில் நீர் வைத்து, வெப்பமானியுடன் சோதித்தேன். எண்பத்திரண்டு பாகையில் ஒழுங்காகத் திறந்தது. குற்றமற்றது.

"இன்னா வேவுது?"

"வால்வு."

"அது பால் காச்சற குண்டான்."

மாலை காபி இல்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

திண்டிவனம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் பாவாடையிடம் வண்டியை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அவர் பேனட்டைத் திறப்பதற்கு முன்பே, "ஹெட்டு போச்சு சார்" என்றார். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவருக்கு எஞ்சினின் மேல்மூடியான அந்த ஹெட்டு போய்விடும். இவ்வாரத்துக்குரிய மாற்றம் ரேடியேட்டர் மூடி மட்டுமே, வேறெதையும் தொடலாகாது என்று இருமுறை கூறினேன்.

புது மூடி. பழைய கொதிப்பு.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்றும் குழம்பு வெளுத்திருந்தது. காரணம் கேட்டேன். "சாப்புடுங்க" என்றாள்.

9 ஆகஸ்ட், சனி

இன்று காந்தி பஜாரைக்கூடத் தாண்டவில்லை. மாற்ற மாற்ற நோய் முற்றுகிறது. நான் ஒன்றைச் சரிசெய்தால் வண்டி வேறொன்றைக் கெடுத்துக்கொள்கிறது - இது எப்படி? முப்பது பிள்ளைகளுக்கு முன் நின்று வினையும் விளைவும் பேசுகிறவன் நான்! என்னடா இது.

புதுச்சேரிக்காரரை அழைத்தேன். ஆவணி முதல் தேதி, காலை பதினொரு மணி. விற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கலைவாணியிடம் சொன்னேன். துணி மடித்தாள். வேட்டியை மட்டும் நான்கு முறை மடித்தாள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

விற்பதானாலும் சுத்தமாக விற்க வேண்டும். ரேடியேட்டர் நீரை முழுவதும் வடித்தேன். நீர் அல்ல, கூட்டு. அடியில் மஞ்சள் வண்டல் களிபோல் இறங்கியது. துரு இவ்வளவு மணக்குமா? வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பெடுத்து அதில் கலந்தேன். துரு சுண்ணாம்புக்கு அசையாது. இது பளிச்சென்று சிவந்தது.

ஆரத்தி. என் வண்டி இரண்டு வாரமாக ஆரத்திக் கரைசலில் ஓடியிருக்கிறது.

13 ஆகஸ்ட், புதன்

மாலை வாசலில் விசாரணை. பாவாடையையும் ஆனந்தராஜையும் வரவழைத்தேன்.

பாவாடை: "ரப்பர் குழா கிட்ட ஒழுகுச்சி சார். நீங்கதான் மூடியத் தவிர எதையும் தொடாதன்னீங்க. அதான் ஒரு பொட்டலம் மஞ்சத்தூளு போட்டேன். ஓட்டைய அடச்சிக்கும்."

"தொடாதே என்றால் கொட்டலாமா?"

"கொட்டறது தொடறதுல வராதே சார்."

ஆனந்தராஜ் சிரிப்பை அடக்கியபடி, "நானும் ஒரு கை போட்டேன் சார். லாரில அப்பிடித்தான் ஊர் வந்து சேருவோம்" என்றார்.

"என் வாசலில் நிற்கும் வண்டியில்? எப்போது?"

"கூழு குடிச்சிட்டு வந்தீங்களே, அதுக்கு மறுநாளு, நீங்க ஸ்கூலுக்குப் போனப்பதான். வீட்ல அம்மாதான் பேனட்டத் தொறந்து குடுத்தாங்க."

கலைவாணி கதவோரம் நின்றாள். இருவரும் போட்டதைக் கூட்டினாலும் அந்த வண்டல் வராது என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஆமா, நானுந்தான் போட்டேன். தெனம் காலைல ஒரு கரண்டி. ஆனந்தராஜ் அண்ணன் போட்டன்னிக்கு ஒழுகல் நின்னுச்சி. சரி, இன்னும் போட்டா இன்னும் நல்லதுன்னு..."

"விற்கச் சொன்னவள் நீயல்லவா?"

"சொன்னா? வித்துடுவீங்களா? சொன்னாத்தான் ரிப்பேருல கைய வெப்பீங்கன்னு சொன்னேன். மரத்தடில நிக்க வெச்ச கோவம் வேற."

பாவாடை என்னிடம் திரும்பி, "இப்ப ஹெட்டு போயிருக்காது சார்" என்றார்.

15 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று பாவாடை ரேடியேட்டரைக் கழற்றி, துளைகளை அடைத்திருந்த மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிவாக வரும்வரை அடித்துக் கழுவினார். ரப்பர் குழாயும் புதிது. ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள். நான் ஆட்சேபிக்கவில்லை.

பள்ளியில் கொடியேற்றம் முடிந்ததும் இருவரும் பனமலை சென்றோம். சூடு காட்டும் முள் நடுவில் நின்றது, அசையவில்லை. ஏரிக்கரையில் வேண்டுமென்றே எஞ்சினை அணைக்காமல் வைத்தேன். அப்போதும் அசையவில்லை.

திரும்பும்போது கலைவாணி, "அந்தாளுக்குப் போன் போட்டு வேணான்னுடுங்க" என்றாள்.

எப்படிச் சொல்வது? வாக்கு நான் கொடுத்தது. நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. நாளை மறுநாள் அவர் வந்தால் சாவியைக் கொடுப்பதுதான் முறை. அதையே அவளிடம் சொன்னேன்.

"நல்ல முறை" என்றாள். செஞ்சி வரும்வரை நான் கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

16 ஆகஸ்ட், சனி

உறக்கம் பிடிக்கவில்லை. வண்டியைத் துடைத்தேன். மீண்டும் துடைத்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு. ஆவணி 1

பத்தரை மணிக்குக் குளித்து வெளியே வந்தபோது வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உரிமம் வாங்கியும் அதன் ஸ்டியரிங்கை ஒருநாளும் தொடாதவள், தளவானூருக்கு அக்காவைப் பார்க்கத் தனியாக ஓட்டிப் போயிருப்பதாக ஆனந்தராஜ் சொன்னார். "ரெண்டாவது கியர்லயே போறாங்க சார்" என்றும் சொன்னார்.

பதினொரு மணிக்குப் புதுச்சேரிக்காரர் வந்தார். உட்காரவைத்து மோர் கொடுத்தேன். வண்டி எங்கே என்றார். என் மனைவியிடம் என்றேன். எப்போது வரும் என்றார். கலைவாணியின் கைப்பேசி அலமாரியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

கண்ணில் காட்ட இயலாத பொருளை விற்பது முறையன்று என்று அவருக்கு விளக்கினேன். ஏறத்தாழ அரைமணி நேரம் விளக்கினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மாலை ஆறாயிற்று. இன்னும் வரவில்லை. கொதித்திருக்குமோ என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது கியரில் வருகிறாள், நேரமாகும்.