பதினோராவது சிடியில் கேட்டது

அன்புள்ள அப்பாவுக்கு,

டப்ளினில் நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்க மாட்டேன். கேட்டா பொய்தான் சொல்வீங்க. போன்ல பேசினா நடுவுலயே கட் பண்ணிடுவீங்க, அதான் எழுதுறேன்.

லீவுல ஸ்ரீரங்கம் வந்தப்போ சிடி டிரைவ் வாங்கிக் கொடுத்தேன். உங்க நாகஸ்வர சிடியைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினா, சத்தம் கொஞ்சம்கூடக் குறையாம அப்படியே கம்ப்யூட்டர்ல ஃபைலா ஏறிடும், எனக்கு அனுப்பிடலாம்னு நாலு தடவை செஞ்சு காட்டினேன். நீங்க அதைப் பெட்டியோட பீரோவுல பூட்டிட்டு, பழைய பிளேயர் பக்கத்துல போனை வெச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருக்கீங்க. புதுசைத் தொட்டா தேஞ்சிடுமா? நான் வாங்கின செருப்பும் அதே பீரோவுலதானே தூங்குது!

எல்லா ஃபைல்லயும் குக்கர் விசில், ஆட்டோ ஹாரன். பொறுத்துக்கிட்டேன். பதினோராவது சிடியில நாகஸ்வரத்துக்கு நடுவுல நீங்க மூச்சிரைக்க இருமுறீங்க. "நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொன்னாரே டாக்டர், பாப்பாகிட்ட சொல்லிடலாமா?"ன்னு அம்மா கேட்கறாங்க. "அவ வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா, கமுக்கமா இரு"ங்கறீங்க.

நான் ஓடி வந்தா உங்களுக்கு என்ன கேவலமா? ஞாயித்துக்கிழமை தவறாம "கல்லு மாதிரி இருக்கேன்"னு என்கிட்ட அளந்துவிட்டீங்களே!

நாளைக்கே தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்க. ரிப்போர்ட்டை அம்மா போட்டோ எடுத்து அனுப்பட்டும். அந்தச் செருப்பையும் போட்டுக்கிட்டுப் போங்க.

பாட்டு இனிமே வேண்டாம். தினம் சாயங்காலம் அதே இடத்துல போனை வெச்சு, பிளேயரை நிறுத்திட்டு, பேசாம உட்கார்ந்து ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. நீங்க எப்படி மூச்சு விடறீங்கன்னு நானே கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்.

டியூட்டிக்கு நேரமாச்சு.

கோபத்தோட,
தேவதர்ஷினி