ஞாலம் எதில் தொங்குகிறது, மாமா?

பாசமுள்ள மாமாவுக்கு,

உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்த நாள் முதல் உங்களோடு சண்டை போட்டே பழகியவள் நான். நீங்கள் போய் மூன்று வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இன்றைக்கும் சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் பொருளும் பிறப்பும் எழுதி வரச் சொன்னார்கள். ஞாலம். உலகம் என்று எனக்கே தெரியும். அந்தப் பேர் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் அகராதி வாங்கி வந்து, சாப்பிட்டுக்கொண்டே புரட்டினோம். ஞாலுதல் என்றால் தொங்குதலாம். வானத்தில் பிடிப்பில்லாமல் தொங்குவதால் பூமிக்கு ஞாலம் என்று பேராம்.

"தொங்குதுன்னா எதுலம்மா தொங்குது?" என்றாள். நாளெல்லாம் தோலைத் தொங்கவிடுகிற மனுஷனைக் கேளடி என்று உங்கள் மகன் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. பிசைந்த சோறு தட்டிலேயே இருந்தது.

"எனக்கு பத்து நாளா அப்படித்தான் இருக்குது. கீழ தரையே இல்லாத மாதிரி. ஏணியில ஏறினா எல்லாம் ஆடுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு நாலு நாள் முன்பு, தோல் பதனிடுகிற டேனரியில் அவர் தொங்கவிட்ட ஈரத்தோல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கறை விழுந்துவிட்டன. மேஸ்திரி எல்லார் எதிரிலும் கத்தியிருக்கிறார். தோலுக்கும் தோலுக்கும் நடுவில் கை நுழைய இடம் விடவேண்டும் என்பது நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். பதினெட்டு வருஷம் இதே வேலை செய்தவர் எப்படித் தவறுவார்? விழாமல் இருக்க ஒரு கையால் தோல் போடுகிற கழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மாமா. மிச்சமிருந்த ஒரு கையால்தான் தோலைப் போட்டிருக்கிறார்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களாம். "அப்பா மட்டும் சொன்னாரா இன்னா?" என்றார்.

நீங்கள் ஏன் சொல்லவில்லை, மாமா? நீங்கள் விழுந்து போனதும் அதே ஏணியிலிருந்துதானே? விழுவதற்கு ஒரு மாசம் முன்பிருந்தே நீங்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததை நான் பார்த்தேன். கேட்டால், பித்தம், ஒன்றுமில்லை, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு என்றீர்கள். நானும் பிழிந்து கொடுத்தேன். இந்தக் கோபம் உங்கள்மேலா என்மேலா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாளே அவரை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். நாளைக்கு ரிசல்ட். காதுக் கோளாறாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வேறு எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான், மாமா! ஊரையே கேள்வி கேட்கிறவள்!

அன்றிலிருந்து என் கையில் எதுவும் நிற்கவில்லை. பருப்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது. அவர் குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுகிறேன். பேஜார் பண்ணாதே என்கிறார். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

உங்கள் பேத்தி நோட்டில் எல்லாம் எழுதிவிட்டாள். எதில் தொங்குகிறது என்பதற்கு மட்டும் இரண்டு வரி இடம் விட்டு வைத்திருக்கிறாள். டீச்சர் அதைக் கேட்கவே இல்லை. இவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

போன தடவை வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்தார். யாரோ பார்க்கிறார்கள் என்றதும் கையை எடுத்துக்கொண்டார். நாளைக்கு எடுக்க விடமாட்டேன். ரிசல்ட் எப்படி வந்தாலும், டாக்டரம்மா சரி என்று சொல்லாமல் அவர் அந்த ஏணியில் கால் வைக்கப்போவதில்லை. மேஸ்திரியிடம் நானே போய்ப் பேசுகிறேன். உங்களை எலுமிச்சம்பழச் சாற்றைக் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டேன். இவரை அனுப்பமாட்டேன், மாமா.

உங்கள் வாயாடி மருமகள்,
கௌரி