வாசற்படி மேல் ஒரு கோடு

நியூயார்க், மார்ச் 1912

அன்புள்ள லவினியா,

உன் இருமல் விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். விடுதிக்காரி ஊற்றும் பட்டாணி சூப்தான் உப்புக் கரிக்கிறது.

நான் செதுக்கிய நம் வீட்டுப் படத்தின் கடைசி அச்சுத் தாளும் நேற்று விற்றுப்போனது. இனி யாரும் அச்சடிக்க முடியாதபடி, அச்செடுத்த செப்புத் தகட்டில் கோடு கிழித்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். வியாபாரி பிராட்ஹர்ஸ்ட் பக்கத்திலேயே நின்றார். கூரை, மேப்பிள் மரம், சுவர் எல்லாவற்றின் மேலும் கிழித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தேன்.

"என்னப்பா, வாசப்படியை விட்டுட்டே? அங்க உக்காந்திருக்கிற பொண்ணு மேலயும் ஒண்ணு இழு. ஆமா, யாரு அது?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு," என்றேன்.

நம் மகள் டோராவை அப்படிச் சொல்லிவிட்டேன், லவினியா. சொல்லிவிட்டுக் கோட்டையும் இழுத்தேன்.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. பனியில் இறுகிய மண் இளகிக் குழி வெட்ட முடிந்ததும் தந்தி அடி. அதுவரை கல்லறைக் கிடங்கில் காத்திருக்கும் டோராவை அடக்கம் செய்யும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். இதை மட்டும் மறந்துவிடாதே: அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கும் தாளைப் புகை படாத சுவருக்கு மாற்று. மற்ற தாள்களிலெல்லாம் அவள் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நம் வீட்டில் அவள் இருப்பது இனி அது ஒன்றில்தான்.

கிளெமெண்ட்