பக்கத்துச் சீற்றிலிருந்து ஸ்டார்ட் பண்ணின கார்

இஞ்சாருங்கோ,

இண்டைக்குக் காலமை உங்கட குளிர் ஜக்கெற்றை எடுத்துப் போட்டன். "உம்மடை எங்கை போச்சு?" எண்டு கேக்காதேங்கோ. என்ரை ஜக்கெற் ஆணியிலைதான் தொங்குது. உங்கட ஜக்கெற்றின்ர கை முழுக்க அந்த நீலத் தண்ணி மணம், கார்க் கண்ணாடிக்கு அடிக்கிற உறையாத தண்ணி. ஒரு புனலை வைச்சு ஊத்தினால் என்ன குறைஞ்சிடும் எண்டு எத்தினை தரம் பேசியிருப்பன். ஒருநாளாவது கேட்டியளோ? கதவடியிலை நிண்டு அந்தக் கையை மூக்கிலை வைச்சுக்கொண்டு நல்லா அழுதன்.

வெளியிலை மைனஸ் இருபத்தாறு. நீங்கள் புரட்டாதியிலை போயிட்டியள், குளிருக்கு முந்தியே. கெட்டிக்காரன்தான்.

இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் அப்பார்ட்மென்றுக்கு வந்த நாளிலை இருந்து, எனக்கு இருபது நிமிசம் முந்தி நீங்கள் இறங்குவியள். குசினி யன்னலாலை பார்த்தால் பின் பார்க்கிங்கிலை உங்கட தொப்பி மட்டும் தெரியும். முதலிலை காரின்ர புகைக்குழாய் வாயிலை கிடக்கிற ஸ்நோவைக் காலாலை தள்ளுவியள். பேந்து எஞ்சின். பேந்து கூரை, கடைசியாத்தான் கண்ணாடி. கூரையை விட்டிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறவையைக் கண்டால் உங்களுக்குப் பத்திக்கொண்டு வரும். எல்லாம் முடிஞ்சாப் பிறகு என்ர போன் அடிக்கும். "இறங்கும், வீடு சூடாகீற்று." காரை வீடு எண்டுதான் சொல்லுவியள். நான் தேத்தண்ணிக் கப்போடை வந்து ஏறுவன், புவாண்ட்-கிளேரிலை வேலையடியிலை இறக்கி விடுவியள். இத்தினை வருசத்திலை நான் ஒரு குளிர்ந்த சீற்றிலை இருந்ததில்லை. நீங்கள் இருக்கேக்கை ஒருநாளும் இதை நான் நினைச்சுப் பார்க்கேல்லை. அதுதான் இப்ப நெஞ்சை அரிக்குது.

இந்தக் காரை வாங்கின நாள் ஞாபகம் இருக்கோ? நல்ல நாள் பார்த்துத் தந்தவர் ஊர்க் கணக்கிலை பார்த்துத் தந்திட்டார், அது தை மாசக் குளிருக்குள்ளை வந்து விழுந்தது. நாலு ரயருக்குக் கீழை நாலு தேசிக்காய் வைச்சம். கற்பூரம் கொளுத்தக் கொளுத்தக் காத்து அணைக்குது. நீங்கள் விடமாட்டன் எண்டு நெருப்புக்குச்சிப் பெட்டியோடை நிக்கிறியள். கடைசியா ஒருமாதிரிப் பத்தி, தீபம் காட்டி, நீங்கள் ஏறி அமத்த, தேசிக்காய் நசியேல்லை! அது அதுக்கிடையிலை குளிருக்கு உறைஞ்சு கல்லாப் போச்சு. ரயர் சுத்தி ஒரு தேசிக்காய் பறந்து போய்க் கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார முஸ்யேயின்ர பூட்ஸிலை அடிச்சது. அந்த மனுசன் அதை எடுத்துத் துடைச்சு உங்கட கையிலை தந்து "பொன் ஷான்ஸ்" எண்டு வாழ்த்திப்போட்டுப் போனார். நீங்கள் ஸ்ரியறிங்கிலை தலையை வைச்சுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சியள். நான் அபசகுனம் எண்டு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தன். விசரி நான், சேர்ந்து சிரிச்சிருக்கலாம்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு சனமெல்லாம் போன பிறகு நான் என்ன செய்தனான் தெரியுமோ? காலமையிலை காருக்குப் போகத் தொடங்கினன். புகைக்குழாய், கூரை, கண்ணாடி, எல்லாம் உங்கட ஒழுங்கிலை. பேந்து என்ர பக்கத்துக் கதவைத் திறந்து என்ர சீற்றிலை இருந்து, எட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவன். பத்து நிமிசம் சூடாக விட்டிட்டு இருந்து உங்களோடை கதைப்பன். எங்கட பெடியன் தம்பி புரோசார்ட்டிலை இருந்து போன் எடுத்தது, மருமகளுக்குத் தடிமன், இப்பிடி. பேந்து நிப்பாட்டிப்போட்டு பஸ்ஸுக்குப் போவன்.

லைசென்ஸ் இருக்கு, எனக்கும் கார் ஓடத் தெரியும். ஆனா ஓடுறதெண்டால் உங்கட சீற்றை முன்னுக்கு இழுக்கவேணும். முந்தி நான் கோயிலுக்கு ஓடிக்கொண்டு போய் வந்தால், பேந்து நீங்கள் ஏறேக்கை முழங்கால் இடிச்சு, "ஐயோ, இதிலை ஆர் இருந்தது, குருவியோ?" எண்டு கத்துவியளே. கடைசி நாள் வேலையாலை வந்து நிப்பாட்டினது நீங்கள். சீற் உங்கட காலின்ர நீளத்துக்கு அப்பிடியே நிக்குது. உங்கட உடுப்பெல்லாம் குடுத்தாச்சு, இந்த ஜக்கெற் மட்டும் கிடக்குது. உங்கட உடம்பு எவ்வளவு இடம் பிடிச்சது எண்டு காட்ட இந்தச் சீற்றை விட வேறை ஒண்டும் என்னட்டை இல்லை. அதை அசைக்க எனக்கு மனம் வரேல்லை.

போன செவ்வாய்க்கிழமை திறப்பைத் திருப்ப, டிக் டிக் எண்டது, அவ்வளவுதான். முஸ்யே வயரைக் கொண்டுவந்து தன்ர காரிலை இருந்து கொழுவி ஸ்டார்ட் பண்ணித் தந்தார். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலிஸிலை எனக்கு விளங்கப்படுத்தினார். "மதாம், நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான். ஸ்டார்ட் பண்ண பற்றறி கனக்கக் குடுக்குது. பத்து நிமிசம் நிண்டால் அது திரும்பிச் சேராது. ஹைவேயிலை ஓடவேணும்." பாருங்கோவன், பராமரிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு நான்தான் நாளுக்கு நாள் அதைச் சாகடிச்சிருக்கிறன்.

தம்பிக்குச் சொன்னன். "அம்மா, சும்மா நிக்கிற காருக்கு ஏன் இன்சூரன்ஸ்? சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய் வித்துவிடுறன்" எண்டான். அவனிலை பிழை இல்லை. அவனுக்கு நான் சீற்றைப்பற்றிச் சொல்லேல்லை, என்னெண்டு சொல்லுறது? ஓடாட்டில் கார் போகும், காரோடை உங்கட சீற்றும் போகும். ஓடினால் சீற் அசையும். மூண்டு நாள் நித்திரை இல்லை. பஸ் தரிப்பிலை நிண்டு உங்களைத் திட்டினன். இப்பிடி ஒரு வேலையை எனக்கு வைச்சிட்டுப் போயிட்டியள் எண்டு வாய்விட்டே திட்டினன். பக்கத்திலை நிண்ட பொம்பிளை தள்ளிப் போய் நிண்டா.

நாளைக்குச் சனிக்கிழமை. அதாலை இண்டைக்கு வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு இறங்கினன். ஸ்நோவைத் துடைச்சன். இந்த முறை உங்கட பக்கத்துக் கதவைத் திறந்தன். இருந்தால் கால் அந்தரத்திலை, பிரேக் எட்டேல்லை. பேந்து கீழை கையை விட்டுக் கம்பியைத் தூக்கி இழுத்தன். குளிருக்கு இறுகிப்போய் சீற் வர மாட்டன் எண்டது. "வா" எண்டு அதட்டினன். வந்தது.

எஞ்சின் இழுத்து இழுத்து ஒருமாதிரிப் பிடிச்சது. இருபதாம் நம்பர் ஹைவேயிலை புவாண்ட்-கிளேர் வரைக்கும் போய் வந்தன். ஸ்நோ கரைய றோட்டிலை போட்ட உப்புத்தண்ணியை லொறியள் அள்ளி அடிக்க, நீலத் தண்ணியை அடிச்சு அடிச்சு ஓடினன். ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கேல்லை. வந்து நிப்பாட்டிப்போட்டுத் தம்பிக்கு எடுத்து, "விக்க வேண்டாம், நான் ஓடுறன்" எண்டன். அவன் "ஓமம்மா" எண்டான்.

சீற்றை இழுக்கேக்கை ஒவ்வொரு பல்லாய் டக், டக் எண்டு சத்தம் கேட்டது. நான் எண்ணினனான். இனி நீங்கள் வந்து ஏறப்போறியள் எண்டு இல்லை, அது எனக்குத் தெரியும். உங்களைக் கொள்ளி வைக்கக் கொண்டு போகேக்கை பார்த்துக்கொண்டு நிண்டவள் நான். எண்டாலும் எண்ணினனான், ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்கட இடம் பின்னுக்கு ஐஞ்சு பல்.