ஏழாம் பக்கத்துக் குரங்குகள்

பெப்ரவரி 11, செவ்வாய்

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஒன்று முதல் பத்து வரை, சின்னப் பிள்ளைகள் எண்ணிப் பழக. பத்துப் படமும் என் கை. அச்சகக்கார மஹ்ரூப் நாநா முதல் பிரதியை நீட்டி, "கொரங்குக்கெல்லாம் உயிர் ஈக்குது கைரியா" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில் ஏழு குரங்குகள். அந்த ஏழாம் பக்கத்தை விட நல்ல படம் நான் வரைந்ததில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

கலஹாவில், தேயிலைத் தோட்ட முன்பள்ளியில் முதல் வாசிப்பு. டீச்சர் தர்ஷிகா பத்தொன்பது பிள்ளைகளையும் பாயில் வட்டமாக உட்கார வைத்திருந்தாள். ஆறாம் பக்கம் வரைக்கும் ஒரே கூச்சல். ஏழாம் பக்கத்தை ஒருவர் வந்து எண்ணுங்கள் என்றேன். ஹர்ஷினி வந்தாள், நாலு வயது. ஒவ்வொரு குரங்காக விரல் வைத்து எண்ணி, "எட்டுங்க டீச்சர்" என்றாள்.

"ஏழும்மா. ஆறுதலா, மெதுவா எண்ணுங்க."

எண்ணினாள். எட்டு.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாம் முறை அவள் படத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஏழு" என்றாள். கை தட்டச் சொன்னேன். எல்லாரும் தட்டினார்கள்.

திரும்பும்போது பேராதனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகத்தைத் திறந்து சும்மா எண்ணினேன்.

எட்டு.

தாய்க் குரங்கின் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி. படம் வெறுமையாக இருக்கிறதே என்று கடைசி நாளில் நானே சேர்த்தது. பக்கத்தில் பெரிதாக 7 என்று எழுதியதும் நானே.

அந்தப் பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். நான் அவளைப் பொய் சொல்ல வைத்து, அதற்குக் கையும் தட்ட வைத்திருக்கிறேன். என்ன மனுசி நான்?

பெப்ரவரி 14, வெள்ளி

மஹ்ரூப் நாநாவிடம் சொன்னேன். அவரும் விரல் வைத்து எண்ணினார்.

"குட்டிய யாரு எண்ணுற? தாயோட சேத்தி ஒண்டுன்னு சொல்லிடுங்க. யாருக்கு வெளங்கப் போகுது?"

"நாலு வயசுப் புள்ளைக்கு வெளங்கிச்சே நாநா."

நாநா புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அந்தத் தாளை மட்டும் திரும்ப அடிப்பம். புத்தகத்துல அடிச்ச பின்னைக் கழட்டி மாத்துற வேல உங்கட" என்றார்.

என் வேலைதான். ஆயிரம் பிரதியும்.

பெப்ரவரி 15, சனி

ஓரத்தில் தனியாக இருந்த குரங்கை எடுத்துவிட்டேன். குட்டி இருக்கட்டும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

நேற்று தர்ஷிகா டெலிபோன் கோல் எடுத்தாள். "அக்கா, நீங்க வந்துட்டுப் போனதிலிருந்து ஹர்ஷினி எதையும் எண்ண மாட்டேங்குறா. எத்தனைன்னு கேட்டா என் வாயையே பாக்குறா."

இன்று காலையே போனேன், அந்தப் பழைய புத்தகத்தோடு. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் குட்டியைக் காட்டி, ஹர்ஷினி சொன்ன எட்டுதான் சரி, பிழை என்னுடையது என்றேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப ஏன் கை தட்டச் சொன்னீங்க?"

தர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. குனிந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

"நான் எண்ணிப் பாக்காம சொல்லிட்டேன். நீங்க எண்ணிப் பாத்துச் சொன்னீங்க."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். மன்னித்தாளா என்று தெரியாது.

பெப்ரவரி 27, வியாழன்

தாள் மாற்றி முடிந்தது. நானும் என் கணவர் ஃபாஸிலும், ஐந்து நாள். அவருடைய கட்டைவிரல் முழுக்கப் பின் குத்திய காயம். ஒரு சொல் குறை சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தர்ஷிகா பேசினாள். புதுப் பிரதியை இன்றைக்கு வாசித்தார்களாம். பத்தாம் பக்கம், பத்துக் கொழுந்துக் கூடை. எல்லாரும் பத்து என்று கத்த, ஹர்ஷினி மட்டும் ஒன்பது என்றாளாம். இன்னொரு பிழையா என்று பத்தாம் பக்கத்தைத் திறந்தேன்.

"நானும் பத்துன்னுதான் சொன்னேன் அக்கா. 'நீங்க எண்ணிப் பாத்தீங்களா டீச்சர்'னு எங்கிட்டயே கேக்குறா. அப்புறம் எல்லாரும் சேந்து எண்ணுனோம். பத்துதான். அவ ஒண்ண விட்டுட்டா."

"அழுதாளா?"

"அழுகையா? நாங்க எண்ணுனது போதாதுன்னு அவளே இன்னொரு தரம் விரல் வச்சு எண்ணுனா. அதுக்கப்புறம்தான் ஒத்துக்கிட்டா."

பின்னேரம் இருபது வரைக்குமான புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். வரைந்து முடிந்ததும் அச்சகத்துக்குப் போகுமுன் எண்ணிப் பார்க்கக் கலஹாவுக்குப் போகும். தர்ஷிகாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.