குப்பியைக் கழுவிக் கொடுத்தவள்

குயிம்பால், இலோய்லோ
9 அக்டோபர் 1993

என் அன்பான நெமேசியோவுக்கு, எஸ்தெலித்தா எழுதுவது.

நானும் பிள்ளைகளும் சுகம். கப்பல் இருபத்தெட்டாம் தேதி தைவானுக்கு வரும் என்று எழுதியிருந்தீர்கள். அங்குள்ள ஏஜெண்ட் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். சமையலறைக் கூரைத் தகரத்தைப் புயல் தூக்கிக்கொண்டு போனது. என் தம்பி ஜோவெம் வந்து திரும்ப அடித்துக் கொடுத்தான். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இதற்கு மேல் வீட்டுக் கதை எழுத எனக்குப் பொறுமை இல்லை. மீதியைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ரோமுலோ போன வாரம் ஊருக்கு வந்துவிட்டான். மூன்று காண்ட்ராக்ட் உங்களோடு ஒரே அறையில் படுத்தவன், நம் சின்னவனின் ஞானத்தந்தை. காய்ச்சல் என்று அவன் கப்பலிலிருந்து இறக்கி அனுப்பியிருக்கிறார்கள். அவன் மனைவி பாசிங் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போனாள். அடுப்பில் கொய்யா இலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையையும் மீறி நாற்றம் அடித்தது. "நீயே பாரு எஸ்தெ, எனக்குச் சொல்ல வாய் வரல" என்று போர்வையை விலக்கினாள். பார்த்தேன். அடிவயிறு வரை கறுத்துப் போயிருந்தது.

எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் குண்டால் வந்தது. பல் பிரஷ் காம்பை உரசி உரசி உருட்டி, கப்பலில் மேஸ்திரியாக இருக்கும் போசன் ஆணுறுப்பின் தோலுக்கடியில் சொருகிவிட்டாரே, அதுதான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு ஏதோ மெடல் வாங்கியதுபோல் வந்து நின்றீர்கள். பெண்டாட்டிகளுக்காக என்று வேறு சொன்னீர்கள். எந்தப் பெண்டாட்டி கேட்டாள்?

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரோமுலோ என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். முதலில் அரிப்பு, பிறகு குண்டைச் சுற்றிச் சிவந்து தோல் வெடித்திருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. "காட்டினா எறக்கி விட்டுருவாங்க. மெஸ்ஸுல ஒரு வருஷத்துக்கு என்னை வெச்சே சிரிப்பானுங்க" என்றான். நம் ஊர் ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்திருக்கிறான். ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்து உள்ளே இருக்கும் பொடியைப் புண்ணில் தூவி, துணியால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் இன்ஜின் அறையில் நனைந்த உடுப்போடு பன்னிரண்டு மணி நேரம். பொடி மேலே ஓடுபோல் காய்ந்துகொண்டது. சீழ் அடியில் பரவிவிட்டது.

மருத்துவர் ஒரு பெண், என்னைவிட இளையவள். ரோமுலோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள் எங்களை வெளியே கூப்பிட்டுப் பேசினாள். "மொத வாரத்துலயே வந்திருந்தா, மரத்துப்போக ஊசி போட்டு அந்தக் குண்ட எடுத்துக் கழுவி அனுப்பியிருப்பேன். கேப்சூல் முழுங்கறதுக்குதான்மா, தூவறதுக்கு இல்ல. அதையும் நாங்க எழுதிக் குடுத்தாதான்" என்றாள். அங்கே அரிப்பு என்று வருகிற பலருக்கு வெறும் வியர்வைப் படைதானாம். வெட்கப்பட்டுக் கண்ட களிம்பைத் தடவி அவர்களே வளர்த்துவிடுகிறார்களாம். தினமும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காய்ந்த துணி உடுத்தினால் பாதிப் பேருக்கு வரவே வராது என்றாள். உடம்பில் சர்க்கரை இருந்தால் மட்டும் கதை வேறு. தோல் சும்மாவே வெடிக்கும், புண் ஆறாது, சீழ் ஓடும். ரோமுலோவுக்குச் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

வீட்டில் தண்ணீர் நிறையக் குடிப்பாரா, சிறுநீர் போகும் இடத்தில் எறும்பு மொய்க்குமா என்று பாசிங்கிடம் கேட்டாள். தெரியாது என்றாள் பாசிங். நம் வாழை மரத்தடிதான் என் கண்ணுக்குள் வந்தது. மே மாதம் நீங்கள் லீவில் இருந்தபோது அங்கே எறும்பு வரிசை வரிசையாகப் போனது. குடம் குடமாகக் குடித்தீர்கள். அரைக்கால் சட்டையோடு படுத்தீர்கள், நான் உள்ளே வந்தாலே விளக்கை அணைக்கச் சொன்னீர்கள். வேறு எவளோ இருக்கிறாள் என்று நினைத்து உங்களோடு நான் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. கட்டிலுக்கடியில் பெருக்கும்போது காலிக் கேப்சூல் ஓடுகள் கிடைத்தன. பிள்ளைகள் விளையாடிப் போட்டது என்று அள்ளிக் கொட்டினேன். நான் ஒரு முட்டாள்.

முட்டாள் மட்டும் இல்லை. கப்பலேறும் முன் நடக்கும் மெடிக்கல் சோதனையில் சர்க்கரை என்று உங்களை நிறுத்தி வைத்தார்களே, அப்போது ஜோவெமின் சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுத்து ஜெயித்துவிட்டதாகச் சிரித்தோம். ஜாம் குப்பியைத் தேய்த்துக் கழுவி, வெந்நீரில் முக்கி, துடைத்து, உங்கள் கையில் கொடுத்தவள் நான்தான்.

12 அக்டோபர்

மூன்று நாளாக இந்தக் கடிதத்தைத் தொடவில்லை. ரோமுலோ போய்விட்டான்.

சிறுநீரகக் கோளாறு என்று பாசிங் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். துக்க வீட்டு முற்றத்தில் சீட்டாட்டம். பழைய கப்பல்காரர் ஒருவர், "இவன் குண்டோட பரலோகம் போறான்டா, பேதுரு வாசல்லயே சோதனை போடப் போறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கொண்டுபோக மருத்துவர்கள் எதையும் வெட்டாமல் விட்டுவைக்கவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பாசிங் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வளையல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. சவப்பெட்டியின் மேல்பாதி திறந்திருக்கிறது, வெள்ளைச் சட்டை, தலைமுடிக்கு எண்ணெய் எல்லாம் ஆயிற்று. கீழ்ப்பாதி மூடியைத் திறக்க அவள் யாரையும் விடவில்லை. கால்சட்டை போடக்கூட முடியவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

நெமேசியோ, எத்தனை கேப்சூல் பிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இனி ஒன்றையும் பிரிக்காதீர்கள். கட்டை அவிழ்த்துவிட்டு, மருந்துப்பெட்டி வைத்திருக்கும் அதிகாரியிடம் போய்க் காட்டுங்கள். சர்க்கரையையும் சொல்லுங்கள். மெடிக்கலில் எப்படித் தேறினாய் என்று கேட்டால், என் பெண்டாட்டிதான் குப்பியைக் கழுவிக் கொடுத்தாள் என்று என் பெயரைப் போடுங்கள். தைவானில் இறக்கிவிட்டால் இறங்குங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இனி கப்பலே ஏற்ற மாட்டார்கள் என்றால் இங்கே மீன் விற்போம்.

வெட்கமாக இருந்தால் ஒன்று நினைத்துக்கொள்ளுங்கள். அதே மருத்துவரிடம் நேற்று நானும் போய்ப் படுத்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டினேன். எனக்கும் ஜூன் முதல் எரிச்சல் இருந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறாள். ஆம்பளையையும் கூட்டிட்டு வா என்றாள். வேறு யாராவது இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. வந்த பிறகும் கேட்க மாட்டேன்.

ஹாரோ கோயில் மாதாவின் காலடியில் உங்கள் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். அவள் உங்களை எந்த நிலையில் கொண்டுவந்து விட்டாலும் சரி, நீங்களே நடந்து வாருங்கள். இந்த முறை விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள்
எஸ்தெலித்தா