குளமா, குழியா?

அல்வால்
12-6-1974

என் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் விசாகப்பட்டினம் வேலைக்குப் போன பிறகு, நம் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள குளக்கரையில் லாரி லாரியாக மண் கொட்டிவிட்டார்கள். புது வீடுகள் கட்டத் திங்கட்கிழமை குளத்தைத் தூர்க்கப் போகிறார்களாம்.

உங்கள் அலுவலகத்தில் வரைபடம் போடும் சூசைராஜ் மாமாவிடம் கேட்டேன். வரைபடத்தைக் காட்டினார். குளம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ‘குழி, நிரப்பவும்’ என்று இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து.

“ஹவ், ஆமா பாப்பா, ஊர்க்காரங்க சொல்றதை உங்கப்பா தமிழ்லதானே குறிச்சுக்குவார்! தெலுங்குல ‘குண்ட்ட’ன்னு கடல்ல வர்ற க மாதிரி சொன்னா குளம். கங்கைல வர்ற க மாதிரி சொன்னா குழி. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. அதை ஆங்கிலத்துல மாத்தும்போது மனுஷன் ஏமாந்துட்டார்!” என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. நீங்கள் அந்தக் குளத்தை அளக்கப் போனது மே மாத வெயிலில். திரும்பி வந்தபோது உங்கள் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. அம்மா அதைப் பிழிந்து கொடியில் போட்டதைப் பார்த்தேன்.

இந்தக் குளம் போனால் நம் கிணறுகளும் வற்றிவிடும் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தான்.

தெரியாமல் எழுதியிருந்தால், திங்கட்கிழமைக்குள் தந்தி கொடுத்துத் திருத்துங்கள் அப்பா. தெரிந்தே எழுதியிருந்தாலும் திருத்துங்கள். தெரியாமல்தான் எழுதினீர்கள் என்று நான் நம்பிக்கொள்கிறேன்.

தந்திக்காரரை எதிர்பார்த்திருக்கும்
உங்கள் மகள்